மெல்லிய காற்றும் வலுவான பிஸ்டனும்

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறும் மலைச்சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வண்டி சமவெளி வெக்கையை விட்டுச் சுமார் 1,440 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறது. வழியிலுள்ள ரிங்லெட்டைத் தாண்டியதும் பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் எஞ்சின் உறுமுகிறதே தவிர வேகம் எடுப்பதில்லை.

ஏற்றம் ஒரு காரணம் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. அது காற்று. தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம்தான். அங்குள்ள குளிர் கொஞ்சம் கைகொடுக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 32 டிகிரி வெயிலில் இருக்கும் தாப்பாவையும் 18 டிகிரி குளிரில் இருக்கும் தானா ராத்தாவையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், மேலே ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 11 சதவீதம் குறைவான ஆக்சிஜனே இருக்கிறது. எஞ்சின் என்பது காற்றை உறிஞ்சி எரிபொருளை எரிக்கும் கருவி. காற்று 11 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். பழைய டீசல் எஞ்சினில், பம்ப் வழக்கமான அளவு டீசலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரிக்கக் காற்றுப் போதாமல் அது கரும்புகையாக வெளியே போகும்.

இந்தக் குறைக்கு மருந்து டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழல, அதே அச்சில் கோத்த இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. ஆனால் டர்போவை மாட்டிவிட்டால் எஞ்சின் பலமாகிவிடும் என்று நினைப்பது பெரும் தவறு. டர்போ எஞ்சினுக்குக் கொடுப்பது காற்றை மட்டுமே. அந்தக் காற்றால் பிறக்கும் விசையையும் வெப்பத்தையும் தாங்க வேண்டியவை பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட், பேரிங் முதலிய உள்பாகங்கள். அவை தயாராக இல்லாவிட்டால், திறன் கூடக்கூட எஞ்சினின் ஆயுள் தேயும்.

மலையிலேயே நிரூபிக்கப்பட்ட கருவி

டர்போவின் அடிப்படைக் காப்புரிமையை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் பெற்றார். அதன் அருமையை உலகுக்குக் காட்டியது ஒரு மலை. முதல் உலகப்போர்க் காலத்தில் விமானங்கள் உயரே போகப்போகத் திறன் இழந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், 1918-இல் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றைக் கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே, சுமார் 4,300 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230 குதிரைத்திறனே தந்தது. டர்போ மாட்டியதும் 356-ஐத் தொட்டது. இழந்த காற்றைத் திருப்பித் தருவதே டர்போவின் முதல் வேலையாக இருந்தது. இயல்பைவிடக் கூடுதலாகத் திணித்துக் கூடுதல் திறன் பெறும் பழக்கம் கார்களில் 1960-களில்தான் வந்தது.

கேமரன் மலையில் இந்த இரண்டு தேவைகளும் ஒன்றுசேர்கின்றன. 1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய போ தோட்டத்திலிருந்து பாரத் தோட்டம் வரை, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் உருவான தேயிலைச் சரிவுகள் இங்கே பரந்து கிடக்கின்றன. அவற்றையும் பிரிஞ்சாங் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களையும் இணைக்கும் பாதைகள் குறுகலானவை, செங்குத்தானவை. அதனால்தான் ஆயிரக்கணக்கான பழைய லேண்ட் ரோவர்கள் இந்த மலையில் இன்னமும் மூட்டை சுமக்கின்றன.

அப்படி ஒரு வண்டியின் கணக்கைப் பார்ப்போம். சுமையோடு இரண்டரை டன் எடை. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் சுமார் 36 குதிரைத்திறன் வேண்டும். டயர் உராய்வு, கியர்பெட்டி இழப்பு, காற்றின் எதிர்ப்பு எல்லாம் இதற்குமேல். 1961-இல் வந்த 2.25 லிட்டர் டீசல் லேண்ட் ரோவரின் திறன், கடல்மட்டத்தில், புதிதாக இருந்தபோதே 62 குதிரைத்திறன். தேய்ந்த எஞ்சினும் மெல்லிய காற்றும் சேர்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்?

லேண்ட் ரோவர் கற்ற பாடம்

லேண்ட் ரோவர் நிறுவனமே இந்தக் கேள்விக்கு விடை தேடியது. 1984-இல் அதன் டீசல் எஞ்சின் 2.5 லிட்டராக வளர்ந்து 68 குதிரைத்திறன் தந்தது. 1986-இல் அதே எஞ்சினில் டர்போ பொருத்தி 85 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

அவர்கள் டர்போவை வெறுமனே மாட்டவில்லை. கிராங்க் ஷாஃப்டில் எண்ணெய் ஓடும் துளைகளை மாற்றினார்கள். பிஸ்டன்களைப் புதிதாக வடிவமைத்தார்கள். வெளியேற்று வால்வுகளுக்கு வெப்பம் தாங்கும் நிக்கல் கலவையைப் பயன்படுத்தினார்கள். எண்ணெய்யைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு செய்தார்கள். இத்தனைக்குப் பிறகும், தொடக்ககால எஞ்சின்கள் பிஸ்டன் வெடிப்புக்குப் பேர்போனவை ஆகின. உள்ளே திணித்த காற்றைக் குளிர்விக்க அதில் இன்டர்கூலர் இல்லை. நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடினால் பிஸ்டனின் தலையில் வெப்பம் தேங்கியது.

1989-இல் டிஸ்கவரியிலும் 1990-இல் டிஃபெண்டரிலும் வந்த 200 டிடிஐ எஞ்சின் அதே 2,495 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. ஆனால் அலுமினிய ஹெட், டீசலை நேரடியாகப் பிஸ்டன் குழிக்குள் தெளிக்கும் முறை, இன்டர்கூலர் என மேற்பாதி முழுவதையும் மாற்றியிருந்தார்கள். டிஃபெண்டரில் சுமார் 107 குதிரைத்திறன் கிடைத்தது. உழைப்பாளி எஞ்சின் என்ற பெயரும் கிடைத்தது. 85 குதிரைத்திறனில் திணறிய குடும்பம் 107-இல் நிம்மதியாக ஓடியதற்குக் காரணம், வெப்பம் வெளியேற வழி செய்ததுதான்.

திணித்த காற்று சுடும்

காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களின் கைக்குத் தெரிந்த உண்மை இது. 30 டிகிரி காற்றை 1.75 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கும் டர்போ 70 சதவீதச் செயல்திறனோடு வேலை செய்தால், வெளிவரும் காற்று ஏறக்குறைய 105 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டிலேயே உள்ளே விட்டால், அழுத்தம் 75 சதவீதம் கூடியும் காற்றின் அளவு 40 சதவீதமே கூடும். இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 67 சதவீதம் கூடுகிறது. அதே டர்போ, அதே அழுத்தம். குளிர்வித்ததால் மட்டும் இவ்வளவு லாபம்.

தானா ராத்தாவில் இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அங்கே வெளியழுத்தம் 0.85 பார் என்பதால், எஞ்சினுக்குள் அதே 1.75 பார் போய்ச்சேர டர்போ காற்றை 2.06 மடங்கு அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் விசிறி இன்னும் வேகமாகச் சுழலும். குளிர்ந்த காற்றையே உள்ளே இழுத்தாலும் வெளிவரும் காற்று 110 டிகிரியைத் தாண்டும். சமவெளியில் அளவோடு பொருந்திய சிறிய டர்போ, மலையில் தன் எல்லைக்கு மிக அருகில் ஓடுகிறது. மலைவாசிகள் டர்போ தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல் விடக்கூடாது.

சூடான காற்று பெட்ரோல் எஞ்சினுக்கு உயிர்க்கொல்லி. தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை மூலைக்குப் போய்ச்சேருமுன், அங்கே எஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடித்துவிடும். நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அப்போது எழும் அழுத்த அலைகள் பிஸ்டனின் விளிம்பை அரிக்கும். ரிங் அமரும் மெல்லிய படிகளை உடைக்கும். எந்த வலுவான பிஸ்டனும் தொடர்ந்த நாக்கிங்கைத் தாங்காது. அதனால் டர்போ எஞ்சினில் அமுக்க விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை, குறைப்பார்கள். ஆக்டேன் எண் கூடிய பெட்ரோல் ஊற்றுவார்கள். தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைப்பார்கள்.

புரோட்டான் செய்த கணக்கு

மலேசியாவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கார் நிறுவனமான புரோட்டானின் கேம்ப்ரோ எஞ்சின் லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. அதன் 1.6 லிட்டர் வடிவத்தில் துளை விட்டம் 76 மில்லிமீட்டர், வீச்சு (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 88 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் பத்துக்கு ஒன்று. திறன் சுமார் 110 குதிரைத்திறன், முறுக்குவிசை 148 நியூட்டன் மீட்டர். 2011 இறுதியில் எக்ஸோரா போல்டிலும் மறு ஆண்டு பிரேவேயிலும் வந்த அதன் டர்போ வடிவத்தில், வீச்சு 86 மில்லிமீட்டராகவும் அமுக்க விகிதம் 8.9 ஆகவும் குறைந்தன. கொள்ளளவு 1,597-இலிருந்து 1,561 கன சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆனாலும் 138 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்தே 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைத்தன.

வீச்சைக் குறைப்பது ஏன் பயன் தரும்? மற்ற அளவுகளைத் தொடாமல் வீச்சை மட்டும் 2 மில்லிமீட்டர் குறைத்தால், பிஸ்டன் தன் மேல் எல்லையில் முன்னைவிட 1 மில்லிமீட்டர் தாழ்வாக நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரியறை நாலரை கன சென்டிமீட்டர் பெரிதாகும். கணக்குப் போட்டால் அமுக்க விகிதம் ஏறக்குறைய 9 என்று வரும். பத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்க ஒரு மில்லிமீட்டர் போதும். அதோடு, அதே வேகத்தில் பிஸ்டனின் முடுக்கமும் கொஞ்சம் குறைகிறது. பட்டறையில் எஞ்சினை மாற்றிக் கட்டுகிறவர் இதே விளைவைக் குழிவான தலை கொண்ட பிஸ்டன் மூலம் பெறலாம்.

உள்பாகங்கள் சுமக்கும் பாரம்

76 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 45 சதுர சென்டிமீட்டர். டர்போ இல்லாத எஞ்சினில் எரியும்போது உச்ச அழுத்தம் 60 பார் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன்மேல் விழும் விசை 2.8 டன் எடைக்குச் சமம். டர்போவால் அது 90 பார் ஆனால் 4.2 டன். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியத் துண்டு இதை ஒவ்வொரு எரிப்பிலும் வாங்குகிறது.

விசைக்கு இன்னொரு முகமும் உண்டு. 6,000 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு நூறு முறை மேலே போய் நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2,200 மடங்கு. 300 கிராம் பிஸ்டன் அந்தக் கணத்தில் 660 கிலோ எடையாகி ராடை மேல்நோக்கி இழுக்கிறது. எரிப்பின் அழுத்தம் ராடை நசுக்குகிறது. வேகம் அதை இழுக்கிறது. நசுக்கல் பூஸ்டை, அதாவது டர்போ கூட்டும் அழுத்தத்தை, பொறுத்தது. இழுப்பு சுற்றுவேகத்தின் இருமடியைப் பொறுத்தது: வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு.

உடைந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு பெரிய துணை. குறைந்த சுற்றில் அளவுமீறிய பூஸ்ட் கொடுத்தால் ராட் வளைகிறது. அளவுமீறிய சுற்றில் ஓட்டினால் ராடின் போல்ட் நீண்டு அறுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென ஒடிவதுபோல, பல லட்சம் முறை இழுபட்டு நசுங்கிய உலோகம் சிறு கீறலிலிருந்து பிளக்கிறது. அதனால்தான் டர்போ எஞ்சினுக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த 4340 எஃகில் அடித்து உருவாக்கிய ராடும், தனி வலுவுள்ள போல்ட்டும் போடுகிறார்கள். மலையேற்றத்தில் குறைந்த சுற்றில் அதிக முறுக்குவிசையே தேவை என்பதால், கேமரன் மலை வண்டிக்கு நசுக்கலைத் தாங்கும் ராட்தான் முதல் தேவை.

பிஸ்டனில் மூன்று வகைகள் புழங்குகின்றன. வார்ப்புப் பிஸ்டன் விலை குறைவு, வெப்பத்தில் அதிகம் விரியாது. ஆனால் நாக்கிங் அடித்தால் உடைந்து சிதறும். அடித்து வடித்த பிஸ்டன்களில் 4032 கலவையில் சிலிக்கான் 12 சதவீதம் அளவில் இருப்பதால் விரிவு மட்டுப்படும். அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றது. 2618 கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. உடைவதற்குப் பதில் நசுங்கும், பெரும் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் அதிகம் விரிவதால் சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது கொஞ்சம் தட்டும். தானா ராத்தாவின் விடியற்காலைக் குளிரில் தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு 4032 பொருத்தமானது. பந்தயத்துக்கு 2618.

பட்டறையில் நடப்பவை

விலை உயர்ந்த பாகங்கள் வாங்கியதோடு வேலை முடிவதில்லை. அவற்றை அளந்து பொருத்துவதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது. முதலில் பிளாக்கிலும் ஹெட்டிலும் கீறல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு சிலிண்டரைக் குடையும் போரிங். ஹெட்டை இறுக்கினாலே சிலிண்டர் வட்டம் சற்றே கோணும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாகக் கனத்த உலோகத் தகட்டை அதே இறுக்கத்தில் பொருத்திவிட்டு, உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்வார்கள் நல்ல தொழிலாளர்கள். உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக விழும் நுண்கோடுகள் எண்ணெய்யைப் பிடித்துவைக்கும்.

அடுத்து ரிங். அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள சந்து, வெப்பத்தில் ரிங் நீள்வதற்காக விடப்படுவது. டர்போ இல்லாத எஞ்சினில் 76 மில்லிமீட்டர் துளைக்கு 0.30 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். டர்போவுக்கு 0.38 முதல் 0.45 வரை விடுவார்கள். சந்து போதாமல் முனைகள் முட்டிக்கொண்டால், ரிங் சிலிண்டரில் இறுகி, பிஸ்டனின் தலையையே பிய்த்துவிடும். ஒரு தாளின் கனம் அளவு வித்தியாசம் எஞ்சினைக் காப்பாற்றுகிறது அல்லது கொல்கிறது.

பேரிங்கின் இடைவெளியும் இப்படித்தான். 48 மில்லிமீட்டர் அச்சுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். மெல்லிய பிளாஸ்டிக் இழையை இடையில் வைத்து இறுக்கி, நசுங்கிய அகலத்தைப் பார்த்து இதை அளக்கிறார்கள். இந்தச் சிறு இடைவெளியில் ஓடும் எண்ணெய்ப் படலம்தான் நாலு டன் பாரத்தைத் தாங்குகிறது. ராட்களையும் பிஸ்டன்களையும் எடைபோட்டுச் சமப்படுத்த வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது அது எவ்வளவு நீண்டது என்று அளப்பது, ரெஞ்சின் எண்ணை நம்புவதைவிட உறுதியானது. பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டும் வலுவான ஸ்டட்டும் போட்டால்தான் கூடிய அழுத்தத்தில் ஹெட் தூக்காது.

எல்லாம் கூடிய பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெய் எல்லா மூலைக்கும் போய்ச்சேர விட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் பூஸ்ட் இல்லாமல் மிதமாக ஓட்டி, எண்ணெய்யை மாற்றி, பிறகே கணினியில் எரிபொருளையும் தீப்பொறியையும் படிப்படியாகச் சரிசெய்ய வேண்டும். மலையேறி வந்த உடனே எஞ்சினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுவது நல்ல பழக்கம். சூடேறிய டர்போ அச்சில் நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகும்.

எதற்கு முதலில் செலவிடுவது

மலேசியாவில் எஞ்சினை மாற்றவோ அதன் தன்மையை மாற்றவோ சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. மாற்றிய வண்டி தகுதிச் சோதனையையும் கடக்க வேண்டும். இதைச் சுமையாகக் கருதக் கூடாது. ரிங்லெட் வளைவுகளில் எதிரே வரும் பேருந்துக்கும் நமக்கும் இடையில் ஓர் ஆள் இடமே இருக்கும். ஏற வலுவுள்ள வண்டிக்கு இறங்கும்போது நிற்கவும் வலு வேண்டும். பிரேக்கைச் சேர்க்காத எஞ்சின் மாற்றம் பாதி வேலை.

பணம் அளவாக உள்ளவர் வரிசையை மாற்றிப் பிடிக்க வேண்டும். முதலில் ரேடியேட்டர், எண்ணெய்க் குளிர்விப்பு, பிரேக். அடுத்து பிஸ்டன், ராட், பேரிங், கேஸ்கெட். அதன்பின் இன்டர்கூலர். கடைசியாகத்தான் டர்போ. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, டர்போவை முதலில் வாங்கி, மூன்றாம் மாதம் பிளாக்கை விற்கிறார்கள். உலகளாவிய நிறுவனமான லேண்ட் ரோவருக்கே 85 குதிரைத்திறனைத் தாங்கும் பிஸ்டனைச் சரியாகச் செய்யக் காலம் பிடித்தது என்றால், தனி ஒருவர் அந்தப் படியைத் தாவிக் குதிக்க முடியாது. காற்றை எவ்வளவு திணிக்கலாம் என்பதை டர்போ கடையில் கேட்காதீர்கள். அதை முடிவுசெய்வது உங்கள் எஞ்சினின் கீழ்ப்பாதி.